மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா? – வாசிக்க, வாங்க, கேட்க ஒரு நூலகரின் வழிமுறைகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். பகலில் புத்தகங்களோடுதான் வேலை. வேலை முடிந்தால் வாசிப்பு, விடுமுறை வந்தால் புத்தகக் கடை, வீட்டில் எந்நேரமும் பாட்டு. எதை வாங்கலாம், எதை இரவல் எடுத்தால் போதும், படிக்கும்போது பாட்டுக் கேட்கலாமா என்றெல்லாம் உறுப்பினர்கள் கேட்பார்கள். முத்திரை குத்திக்கொண்டே துண்டு துண்டாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா? புத்தகமானாலும் ராகமானாலும் இரண்டாம் முறையில்தான் ருசி பிடிபடுகிறது. முதல் முறை கதை எங்கே போகிறது என்ற பரபரப்பில் ஓடிவிடும். இரண்டாம் முறை போகும்போதுதான் ஒரு வாக்கியம் ஏன் அப்படி முடிகிறது என்று நின்று பார்க்க முடியும். எனவே இந்த வழிமுறைகள் அத்தனையும் அந்த இரண்டாம் முறைக்கு இடம் பண்ணிக்கொடுப்பதற்காகத்தான்.

முதலில் நூலகம்

புதிதாகப் படிக்க நினைப்பதை முதலில் நூலகத்தில் எடுங்கள். அது உங்கள் பணத்தில் வாங்கியதுதான். தமிழ்நாட்டில் நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. எங்கள் பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் விடாமல் போராடியதால்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் அப்படிப்பட்ட முதல் சட்டம். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்’ என்று அவர் 1931இல் எழுதிய விதிகளை நான் பாடமாகப் படித்து வேலைக்கு வந்தவள். தட்டுக்கு முன்னால் தயங்கி நிற்கும் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டாவது வரிதான் நினைவுக்கு வருகிறது. எங்கோ ஓர் அலமாரியில் அவருக்கென்றே ஒரு நூல் காத்திருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் அலமாரிக்குப் போகாதீர்கள். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கும் மேசைக்குப் போங்கள். யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து முடித்துக் கொண்டுவந்தவை அவை. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அந்தப் புத்தகம் ஊரில் கைமாறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரே ஒரு முத்திரை விழுந்திருந்தால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள். அவ்வளவு காலம் கழித்து ஒருவர் அதைத் தேடி வந்திருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நான் விரும்பிப் படித்தவற்றில் பல அப்படிக் கையில் அகப்பட்டவைதான்.

பின்னட்டைக் குறிப்பை நம்பி எடுக்க வேண்டாம். அது விற்பதற்காக எழுதியது. முதல் பக்கத்தையும் எழுத்தாளர் இழைத்து இழைத்து வைத்திருப்பார். நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் நின்றபடியே படியுங்கள். அங்கேயும் நடை தளராமல் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தேடும் பொருள் தெரிந்தவர்களுக்கு எண் உதவும். டூயி தசம முறையில் அடுக்கியிருக்கும் நூலகங்களில் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கும், இசை 780இல் இருக்கும். 780 வரிசை பெரும்பாலான கிளை நூலகங்களில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் போவதில்லை. ஆனாலும் அந்தத் தட்டுக்குப் போகாமல் திரும்பாதீர்கள். காரணத்தைப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நேரம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு

ஒரே புத்தகத்தை எல்லா நேரத்திலும் படிக்கப் பார்க்காதீர்கள். கனமான ஒன்றை வீட்டில் வையுங்கள், இலேசான ஒன்றைப் பையில் வையுங்கள். பஸ்ஸுக்குக் கட்டுரைத் தொகுப்போ சிறுகதைத் தொகுப்போதான் பொருத்தம். நிறுத்தம் வருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். நாவலை விடியற்காலைக்கோ இரவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். எந்த நூலகரும் அதற்காக உங்களைத் தவறாக நினைக்கமாட்டார்.

சொந்தப் புத்தகமாக இருந்தால் கடைசி வெற்றுத்தாளில் மெல்லிய பென்சிலால் உங்களுக்கான பொருளடைவு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ‘பக். 43 – ஆற்றில் குளிக்கும் பகுதி’, ‘பக். 112 – அம்மாவின் கடிதம்’ என்று ஒரு வரி போதும். பத்து ஆண்டு கழித்து அந்தத் தாளைப் புரட்டினால் அப்போது உங்களை எது தொட்டது என்று தெரியும். நூலகப் புத்தகமானால் இதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, திருப்பித் தரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அடுத்து வருபவரின் கண்ணை நம் கோடு இழுத்துவிடும். அவர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் பறித்துவிடுகிறோம்.

எப்போது வாங்குவது

நூலகத்தில் ஒரே புத்தகத்தை மூன்றாம் முறை எடுக்கப் போகிறீர்களா? வாங்கிவிடுங்கள். அது உங்களுடையது. அகராதி, சமையல் குறிப்பு, பக்திப் பனுவல், குழந்தைகள் கிழிக்கும்வரை படிக்கும் படக்கதை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், நேராகவே வாங்கலாம். மற்றவை காத்திருக்கட்டும்.

எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கடைத்தெருவில் கூட்டம் குறைவாக இருக்கும் நாள் என்பதால் பழைய புத்தகம் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சென்னைக்குப் போனால் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் நடைபாதைக் கடைகளையும் சிறு கடைகளையும் பார்க்காமல் நான் ரயில் ஏறுவதில்லை. பழைய புத்தகத்தை விலைக்கு முன் உடம்பு பார்த்து வாங்க வேண்டும். அதற்கு எங்கள் தொழில் கற்றுக்கொடுத்த முறை இது.

பெரும்பாலான தமிழ்ப் புத்தகங்களில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கிறார்கள் அல்லது பசை போட்டு ஒட்டுகிறார்கள். பக்கம் காணாமல் போனால் பெரும்பாலும் ஒற்றைத் தாளாகப் போகாது, ஃபாரமாகவே போகும். எனவே புத்தகம் முழுவதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முகப்புத் தாளிலிருந்தே எண்ணிக்கை தொடங்கும் புத்தகமானால் 16–17, 32–33, 48–49, 64–65 என்ற சந்திகளை மட்டும் திறந்து பாருங்கள். 48க்கு அடுத்து 65 வந்தால் ஒரு ஃபாரம் விட்டுப்போயிருக்கிறது. 48க்கு அடுத்து மறுபடி 33 வந்தால் ஒரே ஃபாரத்தை இரண்டு முறை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் வேறொன்று விடுபட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய புத்தகங்களில் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் சிறிய எழுத்தில் நூற்பெயரின் முதலெழுத்தும் ஃபாரம் எண்ணும் இருக்கும். பைண்டர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காகப் போட்ட அடையாளம் அது. வாங்குபவருக்கும் அதுவே வழிகாட்டி.

அடுத்து 8–9, 24–25, 40–41 பக்கங்களை விரியுங்கள். ஃபாரத்தின் நடுமடிப்பு அங்கேதான் வரும். நூல் தையல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தைத்த புத்தகம் முதுகு உடைந்தாலும் மறுபடி பைண்டு செய்து பல காலம் வைத்திருக்கலாம். பசையால் மட்டும் ஒட்டியது தாள் தாளாக உதிரத் தொடங்கினால் சரிசெய்வது கடினம். விரித்த மடிப்பில் பழுப்புத் துகள் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் தாள் நொறுங்க ஆரம்பித்துவிட்டது. அரிய புத்தகமாக இருந்தால் அப்படியும் வாங்குங்கள். ஆனால் உடனே ஒரு முறை படம் பிடித்து வைத்துவிடுங்கள். அட்டையிலிருந்து உள்ளே நேராகத் துளை போட்டுக்கொண்டு போயிருந்தால் அது இராமபாணப் பூச்சி. அப்படிப்பட்ட புத்தகத்தை வாங்கினாலும் மற்றவற்றோடு உடனே சேர்க்காமல் தனியே ஒரு பையில் கட்டிவைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக முத்திரை. நூலகங்கள் முகப்புத் தாளில் மட்டும் முத்திரை குத்துவதில்லை. உள்ளே ஏதாவதொரு குறிப்பிட்ட பக்கத்திலும் குத்துவார்கள். பழைய புத்தகத்தில் நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்பதற்கான குறிப்போ முத்திரையோ எங்கும் இல்லையென்றால் அது இன்னும் அந்த நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் உயிரோடு இருக்கலாம். முகப்புத் தாளைக் கிழித்துவிட்டு விற்பார்கள்; உள் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அதை வாங்காதீர்கள். முடிந்தால் அந்த நூலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு புத்தகம் திரும்பி வந்தால் எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

பழைய கடையில் என் கை முதலில் போவது தொடர்கதை பைண்டிங்குகளுக்குத்தான். வார இதழில் வந்த தொடரை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துக் கட்டிவைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பிறகு புத்தகமாக வந்த பதிப்பில் இல்லாத ஓவியங்கள் அவற்றில் இருக்கும். பக்க ஓரத்தில் சோப்பு விளம்பரமும் டானிக் விளம்பரமும் இருக்கும். முதல் தாளில் யாரோ ஒரு பாட்டி தன் பெயரையும் ஊரையும் மையில் எழுதியிருப்பார். வாங்கும் முன், “அண்ணா, எல்லா அத்தியாயமும் இருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை, அவரும் பார்த்திருக்கமாட்டார். அத்தியாய எண்களை நீங்களே வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். ஓரிரண்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விடுபட்டதை நூலகத்தில் இருக்கும் புத்தகப் பதிப்பில் படித்துக்கொள்ளலாம். விலையில் கறாராகப் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. வெயிலிலும் மழையிலும் தார்ப்பாய் போட்டு அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர் அவர். நியாயமான விலை கேட்டால் கொடுத்துவிடுவேன்.

புதுப் புத்தகத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாட்டுடைமையான நூல்களையும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்து பதிப்புரிமை முடிந்த நூல்களையும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே நூல் பல பதிப்பகங்களில் பல விலையில் கிடைக்கும். மலிவானதை எடுக்கும் முன் இரண்டு பதிப்புகளிலும் ஒரே பக்கத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, பிரிக்காமல் ஓடும் பத்தி எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எந்த மூலத்தை வைத்து அச்சிட்டோம் என்று பதிப்புரையில் சொல்லும் புத்தகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மூலத்தோடு சரிபார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பலவற்றை இலவசமாகவே பார்க்கலாம்.

புத்தகக் காட்சிக்குப் போனால் முதல் சுற்றில் எதுவும் வாங்காதீர்கள். விலைப்பட்டியல்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நாள் மதியம் போங்கள். பொதுவாகக் காட்சியில் எல்லாக் கடையிலும் தள்ளுபடி பத்து சதவீதம்தான் என்பதால் பெரிய பதிப்பகங்களின் புத்தகத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டு, காட்சியில் சிறு பதிப்பகங்களையும் அரசு, பல்கலைக்கழக வெளியீடுகளையும் தேடுங்கள். தஞ்சாவூருக்கு வருபவர்கள் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம் தன் சுவடிகளிலிருந்து பதிப்பித்த நூல்களை விற்கிறது. வைத்தியமும் இசையும் நாடகமும் அங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

வாங்கியதைக் காக்க அதிகம் வேண்டாம். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். எல்லாவற்றையும்விட, அடிக்கடி எடுத்துப் புரட்டுங்கள். கை படும் புத்தகத்தில் பூச்சி குடியேறாது.

இனிப் பாட்டு

விடியற்காலையில் என் வீட்டில் திருச்சி வானொலிதான். 1939இல் தொடங்கிய நிலையம் அது. நிகழ்ச்சிகள் தொடங்கும்போது வரும் மங்கல இசையில் நாகஸ்வரம் கேட்டபடி அடுப்பைப் பற்றவைப்பது இந்தப் பக்கத்தில் பல வீடுகளின் வழக்கம். யார் வாசிக்கிறார், என்ன ராகம் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். அதை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இசை படிக்காத ஒருவர் ராகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

படித்துக்கொண்டே கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் உங்களுக்குப் புரியும் மொழியில் பாடுவதைக் கேட்காதீர்கள். பாட்டின் சொல்லும் பக்கத்தின் சொல்லும் மோதிக்கொண்டு இரண்டுமே கெடும். படிக்கும்போது வீணையும் புல்லாங்குழலும் போதும். வாய்ப்பாட்டைப் புத்தகத்துக்கு அட்டை போடும் வேலைக்கும், கிழிந்த பக்கத்தை ஒட்டும் வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பொறுத்தவரை நான் இரண்டையும் செய்வதில்லை. கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேட்பேன். கோயிலில் மணிக்கணக்காக ஆலாபனை செய்தவர், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டுக்குள் அந்த ராகத்தை எப்படி அடக்கினார் என்பதை வேறு வேலை செய்துகொண்டு கேட்க மனம் வராது.

ஒரு வாரம் ஒரே ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை நல்ல தொடக்கம். இங்கேதான் 780ஆம் தட்டும் இலக்கியத் தட்டும் கைகோக்கின்றன. தேவாரப் பதிப்பைத் திறந்தால் பதிகத்தின் தலைப்பில் பண்ணின் (ராகத்துக்கு இணையான பழந்தமிழ் இசை வகை) பெயர் அச்சிட்டிருக்கும். சம்பந்தர் பாடிய முதல் மூன்று திருமுறைகள் பண் வரிசையிலேயே தொகுக்கப்பட்டவை. முதல் திருமுறை தொடங்கும் பண் நட்டபாடை. அதை ஓதுவார்கள் இன்று நாட்டையிலோ கம்பீர நாட்டையிலோ பாடுகிறார்கள். முதலில் பதிகத்தை வாய்விட்டுப் படியுங்கள். மறுநாள் ஓதுவார் ஒருவர் பாடிய பதிவைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்கு மறுநாள் சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியைக் கேளுங்கள். அதுவும் பெரும்பாலும் கம்பீர நாட்டைதான். வாரக் கடைசியில் கச்சேரிப் பதிவு ஒன்றில் நாட்டையைக் கேட்டால், அறிவிப்பு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் வரும் சந்தோஷம் அலாதியானது. அடுத்த வாரம் தக்கேசிப் பண்ணை எடுத்துக்கொண்டு காம்போதிக்குப் போகலாம், அதற்கடுத்து பழம்பஞ்சுரத்திலிருந்து சங்கராபரணத்துக்கு.

இந்த வாரப் பயிற்சியை மார்கழியில் தொடங்குவது நல்லது. புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் சனவரியில், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடகர்கள் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுவார்கள். ஐந்தில் முதலாவது நாட்டையில் அமைந்தது. டிக்கெட் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. காலையிலேயே தொடங்கிவிடுவார்கள் என்பதால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். உட்கார ஒரு துண்டும் ஐந்து கீர்த்தனைகளின் சாகித்தியம் அச்சிட்ட சிறு புத்தகமும் பையில் இருக்கட்டும். முதல் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். அடுத்த ஆண்டு வரும்போது புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு கூடவே பாடலாம்.